ஆயாவின் சம்பளம்

ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் போகும் வழியில் இருக்கும் மாசாயில், ஒரு பெண் அடுத்த வீட்டுக் கைக்குழந்தையைக் கூலிக்குப் பார்த்துக்கொண்டால் அரசாங்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு குழந்தை, மூன்று குழந்தை என்றாலும் அப்படித்தான். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயது நிரம்பாத பிள்ளைகளில் நாலாவது பிள்ளை வாசற்படி ஏறும்போதுதான் அந்த வீடு 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்துக்குள் வருகிறது. அதன்பின் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். பிள்ளைகள் பத்துக்குக் குறைவாக இருந்து, பார்த்துக்கொள்பவரின் சொந்த வீட்டிலேயே நடந்தால் அது வீட்டு வகை மையம். பத்தைத் தொட்டுவிட்டால் நிறுவன வகை. அதற்கு நிபந்தனைகளும் அதிகம். முதல் மூன்று பிள்ளைகள் அக்கம்பக்கத்துப் பழக்கம், நாலாவது பிள்ளை சட்டம் என்று சொல்லிவிடலாம்.

பதிவுச் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, முதல் வாடிக்கையாளர் யார் என்று காத்திருப்பது இந்தத் தொழிலுக்குப் புதிது. இதே வட்டாரத்தில் இரண்டு மூன்று தலைமுறைக் காலம் இதே வேலையைப் பார்த்த தமிழ்ப் பெண்களுக்கு வாடிக்கையாளர் என்று யாரும் இருந்ததில்லை. விடியுமுன் பிள்ளைகள் தாமாக வந்து சேர்ந்தன. சம்பளம் தோட்ட ஆபீசிலிருந்து வந்தது. கட்டணம் பேசவும், பேசிய கட்டணத்தைக் கேட்டு வாங்கவும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அவர்களை ஆயா என்றார்கள். அவர்கள் இருந்த இடம் ஆயாக் கொட்டகை.

தென் ஜொகூரின் ஆற்றங்கரைகளில் முதலில் இருந்தவை மிளகும் கம்பீர்ச் செடியும். கங்சூ எனப்பட்ட சீன ஆற்றுத் தலைவர்களின் கீழ் அந்தச் சாகுபடி நடந்தது. கங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. 1909இல் ஜொகூர் ரயில்பாதை முழுமை பெற்றது. 1924இல் சிங்கப்பூரோடு இணைக்கும் பாலச்சாலை முறைப்படி திறக்கப்பட்டது. தெப்ராவ், மவுண்ட் ஆஸ்டின் என்று பெரிய தோட்டங்கள் காட்டை அழித்துப் பால்மரங்களை நிறுத்தின. மாசாய், பிளந்தோங் பக்கமும் அதே கதைதான். மரங்களுக்கு ஆள் வேண்டும். ஆள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது.

முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஒப்பந்தக் கூலி முறைக்கு இந்தியர்களைச் சேர்ப்பது 1910இல் நின்றபின், கங்காணிகள் ஊருக்குப் போய்க் குடும்பம் குடும்பமாக அழைத்து வருவது கூடியது. அப்படியும் 1921 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் நானூறைச் சற்றே தாண்டியிருந்தார்கள். இந்த எண்ணை வரலாற்றாசிரியர்கள் வழக்கமாக ஒழுக்கப் பிரச்சினையாகவும் குடும்பச் சண்டைக்கான காரணமாகவும் பேசுவார்கள். அதில் இன்னொன்றும் இருக்கிறது. கப்பலேறி வந்தவர்கள் இளவயதுக்காரர்கள். மாமியாரும் அம்மாவும் சேலத்திலும் திருச்சியிலும் வட ஆற்காட்டிலும் தங்கிவிட்டார்கள். ஊரில் வயல் வேலைக்குப் போகும் பெண் பிள்ளையைக் கிழவியிடம் விட்டுப் போவாள், இல்லையென்றால் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டுவாள். மலாயாத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், கிழவி இல்லை. பால்மரக் காட்டில் தூளி கட்டலாம் என்றால் கொசுவும் அட்டையும் இருந்தன. மலேரியா தோட்டங்களையே காலிசெய்துகொண்டிருந்த காலம் அது. இல்லாத பாட்டிகளுக்குப் பதிலாகத் தோட்டம் சம்பளம் கொடுத்து ஒரு பாட்டியை வைத்தது.

தோட்டத்துக்கு இதில் தருமசிந்தனை ஒன்றும் இல்லை, கணக்குத்தான். பால் வெட்டு விடியற்காலை வேலை. இரவின் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போது பட்டையைக் கீறினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும், கீறலிலேயே உறைந்தும் போகும். அதனால் இருட்டோடு பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, வெளிச்சம் வரும்போது முதல் மரம். ஓர் ஆளுக்கு முந்நூறு, நானூறு மரம். வெட்டி முடித்து, பால் மரத்து மங்கில் (கிண்ணத்தில்) சேரும்வரை காத்திருந்து, வாளியில் ஊற்றி, காண்டாவில் (தோள் கம்பில்) தூக்கிக்கொண்டு போய் நிறுத்துக் கொடுத்துத் திரும்ப மதியமாகிவிடும். இந்த நேரம் முழுதும் தாய் காட்டில் இருந்தாக வேண்டும். 1928இல் நிர்ணயித்த சம்பளத்தில், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிள்ளைக்காக அவள் வீட்டில் இருந்துவிட்டால் குடும்பத்துக்கு 40 காசு போச்சு, தோட்டத்துக்கு அன்றைக்கு அத்தனை மரம் போச்சு. வெட்டுக் கத்தி பிடிக்க முடியாத வயதில் இருக்கும் ஒருத்தியைக் கொட்டகையில் உட்கார வைத்துக் கூலி கொடுத்தால் பத்துப் பதினைந்து தாய்மார் பால்மர நிரைக்குப் போவார்கள். இவ்வளவு மலிவான ஏற்பாடு தோட்டக் கணக்குப் புத்தகத்தில் வேறு இருந்திருக்காது.

சட்டமும் துணைக்கு வந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு பள்ளிக்கூடம், பிரசவப் படி ஆகியவற்றோடு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் தோட்ட முதலாளியின் கடமைகளில் சேர்த்தது. ஜொகூர் அந்தக் கூட்டில் இல்லை. சுல்தானின் தனி ஆட்சி. ஆனாலும் அதே வார்ப்பில் ஜொகூருக்கும் ஒரு தொழிலாளர் சட்டத் தொகுப்பு இருந்தது. இந்தியாவிலிருந்து ஆள் வரவேண்டுமானால் இந்திய அரசாங்கத்திடம் நல்ல பெயரெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இதற்குப் பின்னால் இருந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப்பின் தில்லியின் கண் மலாயா மேல் இருந்தது. 1936 முடிவில் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி வந்து தோட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதிய பின்னும் மனக்குறை தீரவில்லை. 1938இல் உதவிபெற்ற கூலிகளின் குடியேற்றத்தையே இந்தியா நிறுத்திவிட்டது. இனி புதிய ஆள் வராது என்றான பிறகு, தோட்டத்தில் பிறந்த பிள்ளையே நாளைய பால்வெட்டுக்காரன் ஆனான். கொட்டகையில் தூங்கிய பிள்ளைகளின் மதிப்பு துரைமார்களுக்கு அப்போது இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

தமிழர்கள் போன தோட்டங்களிலெல்லாம் இந்தக் கொட்டகையும் கூடவே போனது. இலங்கை மலையகத்தில் அதைப் பிள்ளை மடுவம் என்பார்கள். அங்கே கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு நடுவே வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும் தொலைவில் அது இருக்கும். சுதந்திர இந்தியா 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தபோது, ஐம்பது அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலைசெய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது. வால்பாறையிலும் நீலகிரியிலும் அது அப்படித்தான் வந்தது. மலேசியாவிலும் 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் சட்டத்தில் தோட்டக் காப்பகம் இடம்பெற்றது.

இதை இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை தெரியும். அங்கே பிள்ளை பார்த்துக்கொள்ளும் தொழிலுக்குள் சட்டம் நுழைந்தது சாவின் வழியாக. காசு வாங்கிக்கொண்டு குழந்தைகளைச் சாகவிட்ட மார்கரெட் வாட்டர்ஸ் என்ற பெண்ணை 1870இல் லண்டனில் தூக்கிலிட்டார்கள். இரண்டே ஆண்டில் குழந்தை உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்ற தனிச் சட்டம் 1948இல் வந்தது. அந்நியர் வீட்டில் விடப்படும் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம்தான் அங்கே அடித்தளம். மலாயாவில் அந்த அச்சம் சட்டத்தை எழுதவில்லை. இங்கே சட்டத்தைப் பேச வைத்தது தாயின் வேலை நேரம்.

கொட்டகை எப்படி இருந்தது? அத்தாப்புக் கூரை, பிறகு தகரக் கூரை; பலகை அல்லது சிமெண்ட் தரை; குறுக்கு உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகள் தம்பி தங்கையின் தொட்டிலை ஆட்டும். ஆயா ஒருத்தியோ இருவரோ. பிள்ளை அதிகமானால் ஆளைக் கூட்டுவதும் கூட்டாததும் தோட்ட நிர்வாகத்தின் மனசு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம் ஆள் ஓடும். தாய் விட்டுப்போன சோற்றை ஆயா ஊட்டுவாள். சில தோட்டங்களில் பாலும் கொடுப்பார்கள்.

இதைப் பொற்காலமாக எழுதிவிடக் கூடாது. மலேசியத் தமிழர்கள் தோட்ட நினைவுகளைப் பேசும்போது ஆயாக் கொட்டகைக்கு ஒரு செல்லம் கொடுத்துவிடுவார்கள். அந்தச் செல்லம் ஆயாவுக்கு உரியது, கொட்டகைக்கு அல்ல. பல இடங்களில் அது ஒழுகும் கூரையும் ஈயும் சிறுநீர் வாடையுமாகத்தான் இருந்தது. ஆயாவுக்குப் பயிற்சி என்று எதுவும் இல்லை. அவளுடைய தகுதி வயது, பிள்ளை பெற்ற அனுபவம், கத்தி பிடிக்க முடியாத கை. பெரும்பாலும் விதவை, அல்லது உடம்புக்கு முடியாதவள். ஆயா வேலை தோட்டத்தில் ஓய்வூதியம் போல இருந்தது; ஆனால் ஓய்வு இல்லை. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. பிள்ளையை விட்டுப்போன தாய் அதற்காக யாருக்கும் ஒரு காசும் கொடுக்கவில்லை.

அந்தக் கணக்குத்தான் பிறகு கலைந்தது. ரப்பர் விலை சரிந்து செம்பனை வந்தபோது பெண்களின் வேலை முதலில் சுருங்கியது. குலை அறுப்பது ஆண்கள் வேலையானது; உதிர்ந்த பழம் பொறுக்குவதும் களைக்கொல்லி தெளிப்பதும் பெண்களுக்கு மிஞ்சின. அதற்குள் மாசாய்க்குக் கிழக்கே வேறொன்று தொடங்கிவிட்டது. 1968இல் அமைந்த ஜொகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் பாசிர் கூடாங்கைத் தொழிற்பேட்டையாக்கியது. 1977இல் அங்கே துறைமுகம் இயங்கத் தொடங்கியது. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும். மரங்கள் இருந்த இடங்களில் தாமான் ரிந்திங், பண்டார் ஸ்ரீ ஆலாம், பெர்மாஸ் ஜெயா என்று வரிசை வீடுகள் எழுந்தன. தோட்டம் போனாலும் பள்ளிக்கூடங்கள் பெயரை விடவில்லை. மவுண்ட் ஆஸ்டினிலும் தெப்ராவிலும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'தோட்ட' என்பது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாசாய் தமிழ்ப்பள்ளி பட்டணப் பள்ளியாகப் பெருத்துவிட்டது. பள்ளிக்குச் சங்கம் இருந்தது, வாரியம் இருந்தது, இடமாற்றப் போராட்டம் இருந்தது. ஆயாக் கொட்டகைக்காக யாரும் மனு எழுதவில்லை. லயம் இடிந்தபோது அதுவும் சேர்ந்து இடிந்தது.

தாய்மார் மட்டும் வேலையை விடவில்லை. கத்தி போய்த் தொழிற்சாலைச் சீருடை வந்தது. காட்டுக்கு நடந்தவர்கள் பாலச்சாலையைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகும் பஸ்ஸில் இருட்டோடு ஏறினார்கள். பிள்ளை? அதே வரிசையில் மூன்று வீடு தள்ளியிருக்கும் அக்கா. முன்பு தோட்டத்தில் ஆயாவாக இருந்தவளின் மகளாகவும் அவள் இருக்கலாம். வேலை அதுவே. தோட்ட நிர்வாகி இருந்த இடத்தில் மட்டும் இப்போது யாரும் இல்லை. கூலியைத் தாயும் அக்காவும் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டும்.

பேசுவதுதான் கஷ்டம். மாசாயில் புதிதாகப் பதிவுபெற்ற ஒருவருக்கு முதல் பிள்ளைகள் எங்கிருந்து வரும் என்று கேட்டால் விளம்பரத்திலிருந்து வராது. தெரிந்தவர் சொல்லி வரும்: கோயிலில், தமிழ்ப்பள்ளி வாசலில், பஸ் நிற்கும் முச்சந்தியில், வாட்ஸ்அப் குழுவில். தெரிந்தவர் வழியாக வருகிற தாயிடம் மாதக் கட்டணத்தைச் சொல்லும்போது நாக்கு தடுமாறும். பால்மாவும் பேம்பர்ஸும் யார் கொண்டுவருவது, தாமதமாக வந்தால் என்ன, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு வரலாமா, வராத நாளுக்குக் காசு உண்டா என்றெல்லாம் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். "சொந்தக்காரங்க மாதிரி பழகிட்டு எழுதி வாங்குறதா" என்ற கூச்சத்தில்தான் பல நல்ல உறவுகள் மூன்றாம் மாதத்தில் முறிகின்றன. தோட்டத்து ஆயாவுக்கு இந்தக் கூச்சமே தேவைப்படவில்லை. தாமதமாக வரும் தாயைத் திட்டலாம். திட்டினால் வாடிக்கை போய்விடும் என்ற பயம் அவளுக்கு இல்லை.

நேரக் கணக்கு அடுத்த தலைவலி. பால்வெட்டுக்கு எல்லாத் தாய்மாருக்கும் ஒரே நேரம். தொழிற்சாலையில் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், இரவு ஷிப்ட், மேற்கொண்டு ஓவர்டைம். நாலு பிள்ளைகளுக்கு நாலு வருகை நேரம். ஜொகூரில் இதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்தது. 2014 ஜனவரி முதல் தேதியிலிருந்து 2024 முடியும்வரை மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசாங்க ஆபீசும் பள்ளிகளும் அந்தக் கணக்கில் ஓடின. தனியார் தொழிற்சாலைகள் தம் விருப்பப்படி நடந்துகொள்ளலாம் என்றிருந்தது. பாலச்சாலைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் எப்போதும்போல சனியும் ஞாயிறும். பிள்ளையின் அண்ணன் பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வேலை. அம்மா வீட்டில் இருந்த ஞாயிறு அண்ணனுக்குப் பள்ளி. ஒரு குடும்பத்திலேயே இரண்டு காலண்டர். வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்பவர் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வாரத்தில் எந்த நாள் தனக்கு ஓய்வு என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. பதினொரு வருடப் பழக்கம் ஒரே புத்தாண்டில் மாறியது.

பிள்ளைகளின் வயதும் சட்டத்தோடு நகர்ந்திருக்கிறது. வேலைவாய்ப்புச் சட்டத்தில் நீண்ட காலம் பிரசவ விடுப்பு 60 நாள். 2023 ஜனவரியிலிருந்து 98 நாள். முன்பு இரண்டு மாதச் சிசுவைத் தூக்கிக்கொண்டு வந்த தாய் இப்போது மூன்று மாதம் கடந்து வருகிறாள். கழுத்து நின்ற பிள்ளைக்கும் நிற்காத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பராமரிப்பு மையங்களுக்கான 2012 விதிமுறைகள் ஒரு வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐந்துக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்குவரை பத்துக்கு ஒருவர் என்று வகுத்தன. தோட்டத்து ஆயா இந்த விகிதத்தைக் கேட்டால் சிரித்திருப்பாள்.

பதிவுசெய்வதற்குப் பயிற்சி வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும், வீட்டை வந்து பார்ப்பார்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கலாம். அதனால் மூன்று பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. நாலு, ஐந்து என்று வைத்துக்கொண்டு வாய் திறக்காதவர்களும் உண்டு. பிறகு இங்கிலாந்தில் 1870இல் நடந்தது போன்ற அதிர்ச்சி மலேசியாவுக்கும் வந்தது. 2018 ஜூலையில் பத்துமலைப் பகுதியில் பிள்ளை பார்த்துக்கொள்பவர் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை இறந்து, உடல் குளிர்பெட்டியில் கண்டெடுக்கப்பட்டது. நாடே கொதித்தது. அப்போதைய துணைப் பிரதமரும் மகளிர் நல அமைச்சருமான வான் அஸிஸா வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களைப் பதிவுசெய்துகொள்ளும்படி வற்புறுத்தினார். தாயின் வேலை நேரத்தில் தொடங்கிய ஒரு தொழில், தாயின் அச்சத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று புதிதாகப் பதிவு பெற்றவரிடம் முதல் தாய் கேட்கும் கேள்விகளில் கேமரா இருக்கிறதா என்பதும் ஒன்று.

குழந்தை இறந்ததற்கு அடுத்த ஆண்டு மாசாய்ப் பக்கத்துத் தாய்மாருக்கு வேறொரு சோதனை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. மறு ஆண்டு மார்ச் 18இல் கொள்ளைநோய் முடக்கம் தொடங்கியபோது தஸ்கா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு மையங்களும் கதவைச் சாத்தின. வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்பவருக்குத் தோட்டத்து ஆயாவைப் போலச் செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை. பிள்ளை வராத மாதம் வருமானமும் வராது.

பதிவுக்கு அரசாங்கம் வைத்த இனிப்பு வரிச்சலுகை. பதிவுபெற்ற தஸ்காவிலோ பாலர் பள்ளியிலோ ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டிய கட்டணத்துக்கு 2017 வரி ஆண்டிலிருந்து 1,000 ரிங்கிட் கழிவு. பிறகு அது 3,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆகவே பதிவுபெற்றவர் ரசீதுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், வருட முடிவில் பெற்றோர் கேட்பார்கள். ஆசிரியை கேட்பார், வங்கியில் வேலை செய்பவர் கேட்பார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு, 2025இல் அது மாதம் 1,700 ரிங்கிட், வருமான வரியே கிடையாது. கழிக்க ஒன்றும் இல்லை. அவளுடைய பாட்டி பால் வெட்டிய காலத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவளுக்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. பேத்தி தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள், ரசீதும் கேட்பதில்லை.